துரு பிடித்துவைத்த நஞ்சு

லேத் பட்டறையின் தரையை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? இரும்பைக் கடையும்போது சீவலும் தூளுமாகக் கீழே விழுந்துகொண்டே இருக்கும். அதைக் கூட்டி அள்ளி, பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றுவிடுவார்கள். அந்தக் கழிவு பங்களாதேஷில் ஆயிரக்கணக்கான வீடுகளின் குடிதண்ணீரிலிருந்து நஞ்சை எடுத்திருக்கிறது. எஞ்சினியரிங் படித்த காலத்தில் எத்தனையோ பெரிய இயந்திரங்களைப் பற்றிப் படித்தேன். ஆனால் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கதைதான்.

1970களில் பங்களாதேஷ் கிராமங்களில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து, காலராவாலும் வயிற்றுப்போக்காலும் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். யுனிசெஃப் உதவியோடு அரசு குழாய்க் கிணறுகளைப் போடத் தொடங்கியது. நிலத்தடி நீரில் கிருமிகள் குறைவு. பலன் தெரிந்ததும் மக்களே சொந்தச் செலவில் லட்சக்கணக்கான கிணறுகளைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று அப்போது பரிசோதிக்கவில்லை. ஆர்சனிக்குக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. பல ஆண்டுகள் குடித்த பிறகுதான் தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கையில் தடிப்புகளும் வரும். சிலருக்குப் புற்றுநோய் வரை போகும்.

எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தில், 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா இந்த நோயை அடையாளம் கண்டார். பங்களாதேஷில் 1993இல் சாபாய் நவாப்கஞ்ச் பகுதிக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை, 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. வரலாற்றிலேயே இவ்வளவு பேர் ஒன்றாக நஞ்சுக்கு ஆளானது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னது. ஏறக்குறைய 50 லட்சம் கிணறுகளைப் பரிசோதித்து, ஆர்சனிக் அதிகமுள்ள கிணற்றுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் பச்சைக் கிணறே இல்லாத குடும்பம் எந்தத் தண்ணீரைக் குடிக்கும்?

இந்த ஆர்சனிக் எந்தத் தொழிற்சாலையும் கொட்டியது இல்லை. இமயமலைப் பக்கமிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணுக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன. பிடி விட்டதும் ஆர்சனிக் தண்ணீரில் கலந்துவிடுகிறது. தீர்வுக்கான வழியும் இதிலேயே இருக்கிறது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் தண்ணீருக்கு மறுபடியும் துருவைக் கொடுத்தால், அது ஆர்சனிக்கைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

இதை நம்பி முதலில் வந்தது மூன்று குட வடிகட்டி. வங்காளியில் குடத்துக்குக் கொல்ஷி என்று பெயர். மேல் குடத்தில் மணலும் இரும்புச் சீவலும், நடுக் குடத்தில் மணலும் கரியும் இருக்கும். அடிக் குடத்தில் நல்ல தண்ணீர் வந்து சேரும். ஆர்சனிக் போனது உண்மை. ஆனால் இரும்பு துருப்பிடித்துக் கட்டியாக இறுகி, நாளடைவில் தண்ணீர் இறங்காமல் அடைத்துக்கொண்டது.

அந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் அபுல் ஹுசாம். குஷ்தியாவில் வளர்ந்தவர். நம் அப்பா அம்மாவைப் போல நாட்டை விட்டுப் போய், அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். ஊரில் அவருடைய குடும்பத்துக் கிணற்றிலும் ஆர்சனிக் இருந்தது. பட்டறைகளில் கிடைக்கும் வார்ப்பிரும்புச் சீவலைப் பதப்படுத்தி, அடைத்துக்கொள்ளாத ஒரு இரும்புக் கலவையை அவரும் மருத்துவரான அவருடைய சகோதரர் முனிரும் உருவாக்கினார்கள். அதோடு ஆற்று மணல், மரக்கரி, செங்கல் துண்டு, இரண்டு வாளி. மின்சாரம் வேண்டாம், தனியாக ரசாயனம் வாங்க வேண்டாம். சோனோ என்ற இந்த வடிகட்டிக்கு 2007இல் அமெரிக்க தேசியப் பொறியியல் கழகத்தின் 10 லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. பணத்தில் பெரும்பகுதியை மக்களுக்கு வடிகட்டி கொடுக்கவே ஹுசாம் ஒதுக்கினார்.

கழிவைக் கொண்டு உலோகத்தைப் பிடிக்கும் வேலை இதோடு நிற்கவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு உலைக் கசடு, அலுமினியத் தொழிலில் மிஞ்சும் செஞ்சேறு என்று பலவற்றையும் ஆய்வுக்கூடங்களில் பரிசோதிக்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவுநீரில் உள்ள ஈயம், காட்மியம், குரோமியத்தை அவை எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்கிறார்கள். கேள்விகளும் உண்டு. அந்தக் கழிவிலிருந்தே வேறு உலோகம் தண்ணீரில் இறங்கிவிடுமா? நஞ்சைப் பிடித்து நிரம்பியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? விலை மலிவு என்பதற்காக இந்தக் கேள்விகளைத் தள்ளிவிட முடியாது.

பங்களாதேஷின் பிரச்சினையும் முடிந்துவிடவில்லை. சோனோ அந்த நாட்டின் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த வீட்டிலும் யாராவது அதைப் பராமரிக்க வேண்டும், வரும் தண்ணீரை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

நல்லெண்ணத்தோடு போட்ட கிணறுகள்தான் அவை. கிருமிக்குப் பயந்தவர்கள் கிருமியை மட்டும் பார்த்தார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால், தாத்தா பாட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், எதற்கெல்லாம் பரிசோதித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.