மண் தந்த மருந்தும் மண் தந்த கவசமும்

டிக்கோயாவின் தேயிலை மலைகளிலே, காய்ந்த மண்ணை முதல் மழை நனைத்ததும் ஒரு வாசனை எழும். கொழுந்து பறிப்போர் நன்கறிந்த அவ்வாசனையைத் தருவனவற்றுள் முதன்மையானவை ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்னும் மண் நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் மனிதனின் நோய்க்கும் உள்ள தொடர்பு விந்தையானதொரு சரித்திரமாகும்.

1943 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்து மாணவரான அல்பேர்ட் ஷாட்ஸ், இவ்வினத்து நுண்ணுயிரொன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். பெனிசிலினுக்கு அடங்காத சயரோகம் அதற்கு அடங்கியது. 1957 இல் ஜப்பானிய அறிஞர் ஹமாவோ உமெசாவா கனமைசினை அறிவித்தார்; 1963 இல் ஜென்டமைசின் வந்தது. இவை யாவும் அமினோகிளைக்கோசைட்டு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கிருமியின் உள்ளே புரதம் ஆக்கும் றைபோசோமைப் பற்றி, அதன் தொழிலைக் குழப்பிக் கொல்வதே இவற்றின் முறை.

ஆயினும் கிருமிகளும் வாளாவிருக்கவில்லை. 1960 களின் நடுப்பகுதியில், மருந்துக்கு அடங்காத குடற்கிருமிகள் சில நொதியங்களை ஆக்குவதை ஜப்பானிய அறிஞர் கண்டனர். இந்நொதியங்கள் மருந்தின்மேல் ஒரு சிறு இரசாயனத் துணுக்கை ஒட்டிவிடுகின்றன. திறப்பின் பல்லிலே மெழுகு ஒட்டினாற்போல, அம்மருந்து றைபோசோமிற் பொருந்தாது போகிறது. இவ்வித்தையைக் கிருமிகள் தம் சந்ததிக்கு மட்டுமன்றி, பிளாஸ்மிட்டு என்னும் மரபணு வளையத்தின் மூலம் வேற்றினக் கிருமிகளுக்கும் வழங்குகின்றன.

இவ்வித்தை எங்கிருந்து வந்தது? 1973 இல் பென்வெனிஸ்ட், டேவிஸ் என்னும் இருவர், மருந்தை ஆக்கும் மண் நுண்ணுயிர்களிடத்தே இவற்றை ஒத்த நொதியங்கள் இருப்பதைக் காட்டினர். தான் ஆக்கிய நஞ்சு தன்னையே கொல்லாதிருக்க அவை பூண்ட கவசமே, பின்னர் நோய்க்கிருமிகளின் கைக்கு எட்டியது என்ற கருத்து அப்போது எழுந்தது. மருந்தைத் தந்த மண்ணே மாற்றையும் வைத்திருந்தது. அதை உலகெங்கும் பரப்பியது மனிதனின் அளவிறந்த மருந்துப் பாவனை. 2010 இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் வெளியிட்ட ஆய்வில், சென்னை நோயாளரிடம் கண்ட கிருமிகளுட் பல, ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் எதிர்த்து நின்றன.

பிறந்த குழந்தையின் இரத்தத்தில் நோய் பரவினால், வைத்தியர் முதலில் நாடும் மருந்துகளுள் ஜென்டமைசின் இன்றும் ஒன்று. ஒரே மரபணு வளையம் பல மருந்துகளுக்கான கவசங்களைச் சுமத்தலால், ஒரு மருந்தை வீணே உண்பது மற்றொன்றின் வலிமையையும் குன்றச் செய்யும். தடிமனுக்குக் கேட்டு வாங்கி விழுங்கும் நுண்ணுயிர்க்கொல்லியின் விலையை, முகமறியாத அக்குழந்தையே ஒரு நாள் செலுத்த நேரும்.