மதகும் முட்டைக்குழியும்: அடையாற்று முகத்துவாரத்தில் கடலாமைக் கூடுகளின் பாக்டீரியா மாசு

சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணலைப் பற்றிய ஆய்வில் செம்பரம்பாக்கம் ஏரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 24 அடி ஆழமும் 3.645 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலந்து, அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாகப் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலை அடைகிறது. அந்த முகத்துவாரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் ஆமைகள் கரையேறுகின்றன. கூட்டில் பாக்டீரியா உண்டா இல்லையா என்ற கேள்வியால் பயன் அதிகமில்லை. எல்லாக் கூட்டிலும் உண்டு. அது எங்கிருந்து, எந்த மாதத்தில் வந்தது என்பதே கேட்க வேண்டியது. அதற்கு விடை தேடுபவர் ஏரியின் மதகுப் பதிவேட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு தடை. பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்த்தால் சூடோமோனாஸ், சிட்ரோபேக்டர் போன்றவை கிடைப்பது உலகெங்கும் பதிவான செய்தி. ஆனால் அவை கருவைக் கொன்றனவா, செத்த கருவைத் தின்ன வந்தனவா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. ஆமை முட்டையின் ஓடு கோழி முட்டையினுடையதைப் போல் கெட்டியானதன்று. தோல்போல் வளையும், காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடும். அதேசமயம் வெண்கருவில் லைசோசைம் போன்ற எதிர்ப்புப் பொருள்களும் இருக்கின்றன. உயிருள்ள கரு எளிதில் தோற்பதில்லை. வேறு காரணத்தால் ஒரு முட்டை செத்தபின் அதில் பெருகும் பூஞ்சையும் பாக்டீரியாவும் பக்கத்து முட்டைகளுக்குப் பரவுவதும், குழியின் ஆக்சிஜனைக் குடித்துவிடுவதுமே பெரிய ஆபத்து. ஏறத்தாழ நூறு முட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் குழியில் இதற்குத் தடையேதும் இல்லை.

இனி ஆறு. வடகிழக்குப் பருவமழையில் மதகு திறக்கும்போது அடையாறு கழுவப்படுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது அனைவரும் அறிந்த உச்சம். சிறிய திறப்புகள் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் எல்லாம் நடப்பவை. படுகையில் மாதக்கணக்கில் தங்கிய சாக்கடைச் சேறு அப்போது கடலுக்குப் போகிறது. வாடைக்காற்று வீசும் அந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கியது. அதாவது பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம். ஜனவரியில் ஆமைகள் ஏறத் தொடங்கும் கரையில் அதுவும் அடங்கும். தென்மேற்குக் காற்றோடு நீரோட்டம் வடக்கே திரும்பும்போது முட்டைகள் பாதிக்குமேல் இடப்பட்டிருக்கும். அதற்குள் மதகு மூடி, ஆற்றில் நன்னீர் வரத்து நின்று, முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். மிச்சம் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான்.

இதில் பழியை ஏரியின்மேல் போடுவது நியாயமாகாது. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஆதாரம். ஏரிக்குக் கீழேதான் வீட்டுக் கழிவுநீர் ஆற்றில் சேர்கிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையின் பங்கு வேறு வகையானது. உலோகக் கழிவுகள் நீரில் சேர்ந்தால், அவற்றைத் தாங்கும் பாக்டீரியா பல நேரங்களில் மருந்துகளையும் தாங்கும். இரண்டு தடுப்புக்குமான மரபணுக்கள் சேர்ந்தே பயணிப்பதுண்டு. மலக் கிருமியைத் தருவது வீடு. அதில் மருந்தெதிர்ப்பு வகைகளைத் தேர்ந்து பெருகவிடுவது உலோகமாக இருக்கலாம். 2009இல் ஓமான் நாட்டுப் பச்சை ஆமை முட்டைகளில் கண்ட மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாவை, கழிவுநீர் மாசுக்கு அடையாளமாகவே அங்குள்ள ஆய்வாளர்கள் வாசித்தனர். அந்த வாசிப்பு நமக்கும் பொருந்தும், ஒரு திருத்தத்தோடு.

திருத்தம் இது: ஆமை, அலை எட்டும் கோட்டுக்கு மேலேதான் குழி தோண்டுகிறது. வெயிலும் உப்பும் மேல்மணலில் கிருமிகளை வேகமாகக் கொல்லும். முகத்துவாரத்து மணல்திட்டை ஒட்டிய கூடுகளைத் தவிர மற்றவற்றுக்கு ஆற்றுநீர் நேரடியாக எட்டுவது புயல் அலையில்தான். அப்படியானால் சாக்கடையே முட்டைகளைக் கொல்கிறது என்ற வழக்கமான கூற்று பாதி உண்மையே. மீதிப் பாதி, முட்டைகளை எடுத்துவந்து புதைக்கும் பொரிப்பகத்தில் இருக்கிறது.

சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் 1970களில் தொடங்கிய, கூடுகளைத் தேடிக் கரையில் நடக்கும் ஆமை நடையை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தொடர்கிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. நாய், விளக்கொளி, திருட்டு ஆகியவற்றால் இந்த நகரில் முட்டைகளை இடம் மாற்றாமல் முடியாது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றும் செயல் ஒன்றைச் செய்துவிடுகிறது. இயற்கையில் இங்கே கூடுகள் தனித்தனியே, நெடுந்தொலைவு இடைவெளியில் இருக்கும். கோஸ்டா ரிகாவின் ஓஸ்டியோனாலில் ஆமைகள் திரளாக ஏறி, உடைந்த முட்டைகள் மணலிலேயே மக்குவதால், நுண்ணுயிர் மிகுந்த மணலில் பொரிப்பு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் பொரிப்பகம் அந்த நெரிசலைச் சில சதுர மீட்டரில் உண்டாக்குகிறது. அதனால்தான் ஐ.யூ.சி.என். 1999இல் வெளியிட்ட கையேடு ஆண்டுதோறும் இடம் மாற்றச் சொல்கிறது. அகலம் குறைந்து, கடைகளும் படகுகளும் நிறைந்த கரையில் புது இடம் எங்கே என்பது கையேட்டின் கேள்வி அன்று, நம்முடையது.

எனவே மாதிரி எடுக்கும் முறை மாற வேண்டும். பருவம் முடிந்து அழுகிய முட்டையைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், முதல் ஆமை ஏறும் முன்பே மணல்திட்டு, திறந்த கரை, பொரிப்பகம் மூன்றிலும் ஒன்றரை அடி ஆழ மணலை எடுக்க வேண்டும். மதகு திறந்த நாள்களோடு ஒப்பிட வேண்டும். முட்டையிடும் தாயின் கழிவாய் மாதிரியும் சேர வேண்டும். ஆற்றுச் சேற்றில் கிடைக்கும் மருந்தெதிர்ப்பு வகை பொரிப்பக மணலிலும் இருந்து, தாயிடம் இல்லையென்றால் அது ஆற்றிலிருந்து வந்தது என்பது உறுதிப்படும். தாயிடமும் அதுவே இருந்தால், அவள் அதைக் கடலிலேயே பெற்றிருக்கக்கூடும். மதகைப் பற்றிய என் வாதத்தின் பெரும்பகுதி அப்போது விழும்.