பிரசவ ஜன்னியை அடக்கிய ஆய்வுக்கூடம்

பிள்ளை பெற்ற இரண்டாம் மூன்றாம் நாளில் தாய்க்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறும். அடிவயிறு உப்பி வலிக்கும். பலர் ஒரு வாரம் தாண்டமாட்டார்கள். பிரசவ ஜன்னி என்று தமிழில் சொல்லப்பட்ட இந்நோய், பேற்றின்போது புண்பட்ட கருப்பைக்குள் பாக்டீரியா புகுந்து இரத்தத்தில் பரவுவதால் வருவது.

அதைப் பெரும்பாலும் கொண்டுவந்தவர்கள் பிரசவம் பார்த்தவர்களே. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன் 1795இலேயே இதை எழுதினார். தாமே பலருக்கு நோயைக் கொண்டுசென்றதாக ஒப்புக்கொண்டார். வியன்னா பொது மருத்துவமனையில் 1846இல் மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில் தாய்மாரில் 11.4 விழுக்காட்டினர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற பிரிவில் 2.8 விழுக்காடுதான். மாணவர்கள் பிணஅறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று கண்ட இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். இறப்பு சரிந்தது. ஆனால் கிருமி எதுவென்று அவருக்குத் தெரியாது. 1879இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் லூயி பாஸ்டர் கரும்பலகையில் கோத்த பாசிமணிபோல ஒன்றை வரைந்து காட்டினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அது.

கிருமி தெரிந்த பின்னும் சாவு நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் தாய்மார் இறப்புக்கு இந்நோய் ஒரு முதன்மைக் காரணமாகவே இருந்தது. லண்டன் குயின் சார்லட் மகப்பேறு மருத்துவமனை இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, நுண்ணுயிரியலாளர் லெனார்ட் கோல்புரூக்கைத் தலைவராக்கியது. பக்கத்திலேயே ஜன்னி கண்ட தாய்மாருக்கான தனி வார்டு. ஆய்வும் நோயாளியும் ஒரே வளாகத்தில்.

முதல் கேள்வி, கிருமி எங்கிருந்து வருகிறது என்பது. அமெரிக்காவின் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு 1933இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸை வகை பிரிக்க வழி கண்டிருந்தார். ஆரோக்கியமான பெண்களின் பிறப்புறுப்பில் காணப்படுபவை பெரும்பாலும் வேறு வகை. உயிரைக் குடிப்பது ஏ வகை என்று இதனால் தெளிவானது. கோல்புரூக்கின் தங்கை டோரா, நோயுற்ற தாயின் கிருமியையும் உடனிருந்தவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த கிருமியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பல நேரங்களில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சிலரிடம் தாயின் தொண்டையே ஊற்று. 1935இல் வந்த அவரது அறிக்கைக்குப் பிறகு, கையை மட்டும் கழுவினால் போதாது, வாயையும் மூக்கையும் மூடவேண்டும் என்பதை மறுக்க முடியாமல் போயிற்று. செம்மல்வைஸுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட டோராவுக்குக் கிடைக்காதது நியாயமல்ல.

கைக்கும் நல்ல மருந்து தேவைப்பட்டது. இன்று நம் வீடுகளில் இருக்கும் டெட்டால் பிரசவ அறைக்கு ஏற்றது என்று 1933இல் சோதித்து நிறுவியவர்கள் கோல்புரூக்கும் அவரது உதவியாளர் மேக்ஸ்டெடும்.

குணமாக்கும் மருந்து ஜெர்மனியிலிருந்து வந்தது. பேயர் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக், ப்ரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய எலிகளைக் காப்பாற்றியதை 1935 பிப்ரவரியில் வெளியிட்டார். கோல்புரூக்கும் மருத்துவர் மேவ் கென்னியும் அதைத் தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வார்டில் அதுவரை ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்துகொண்டிருந்தார். 1936 ஜூனில் 'லான்செட்' இதழில் வந்த முதல் கணக்கில் 38 பேருக்கு 3 சாவு. ஆண்டிறுதியில் வந்த இரண்டாம் கணக்கில் 26 பேர், ஒருவரும் சாகவில்லை. சாயம் உடலுக்குள் உடைந்து சல்ஃபனிலமைடு ஆகிறது, அதுவே வேலை செய்கிறது என்பதைப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் இதற்குள் காட்டியிருந்தார்கள்.

கிருமியின் வீரியமே தணிந்திருக்கலாம் என்ற ஐயத்தையும் கோல்புரூக் மறைக்கவில்லை. ஒப்பிட ஒரு குழுவை மருந்தின்றி விட்டுவைக்காத ஆய்வில் அந்த நேர்மை அவசியமானது. பின்வந்த ஆண்டுகள் ஐயத்தைத் தீர்த்தன. சல்ஃபா மருந்துகள் முன்னே செல்ல, பெனிசிலினும் இரத்தம் ஏற்றும் வசதியும் பின்தொடர்ந்தன. 1934இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 10,000 பிரசவங்களுக்கு 40 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். 1950இல் 10 பேருக்கும் குறைவு.