தமிழ்ப் பெயர் கொண்ட தேள்



கோடை மழை இரண்டு பெய்துவிட்டது. மோட்டார் ரூமில் அடுக்கிய ஓட்டுக்குக் கீழே, தென்னை மட்டைக் குவியலில், திராட்சைப் பந்தலுக்கு வாங்கிப் போட்ட கல்தூண்களின் இடுக்கில் கிடக்கிற தேள்கள் வெளியே வருகிற நேரம். உத்தமபாளையம் பக்கம் நம் உறவுக்காரக் குழந்தை ஒன்றைத் தேள் கொட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து நல்லபடியாக அனுப்பினார்கள். "பிரஷர் மாத்திரை கொடுத்தாங்களாம் மாமா, குழந்தைக்கு எதுக்குப் பிரஷர் மாத்திரை?" என்று அதன் தாய் என்னிடம் கேட்டாள். நான் மருத்துவம் படித்தவனில்லை, வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தேளின் பெயர். நாம் செந்தேள் என்கிற சிறு தேளுக்கு 1798இல் ஸ்கார்பியோ தமுலஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார் டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் யோகான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ். தமுலஸ் என்றால் தமிழ் நாட்டது என்று பொருள். அப்போது தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. அங்கிருந்து பூச்சி மாதிரிகள் நிறைய அவருக்குப் போயிருக்கின்றன. (தமிழ் அகராதி போட்ட ஃபேப்ரிசியஸ் வேறு ஆள். அவர் வேப்பேரியில் இருந்த பாதிரியார். இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முதற்பெயர் பிறகு பூத்தஸ், மெசோபூத்தஸ், ஹாட்டன்டோட்டா என்று மாறிக்கொண்டே வந்தது. தமுலஸ் மட்டும் மாறவில்லை. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் என எங்கும் இருக்கிற தேள் என்றாலும் உலகம் முழுக்க அது தமிழ்த் தேள்தான். பெருமைப்படுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நம் ஊரில் எல்லோரும் பயப்படுவது கருப்பாய், பெரிதாய், நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கிற நட்டுவாக்காலிக்கு. பார்க்கத்தான் பயங்கரம். கொட்டினால் வலிக்கும், பெரும்பாலும் அதோடு சரி. ஆளைக் கொல்லக்கூடியது விரல் நீளத்துச் செந்தேள். முன்கொடுக்கு மெலிந்து வால் தடித்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

என் சிறுவயதில் தேள் கொட்டினால் வெங்காயம் தேய்ப்பார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள், வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள். "இப்ப வலி எங்க நிக்குது? முட்டியா? கணுக்காலா?" என்று கேட்டுக்கேட்டு வலியைக் கீழே இறக்குவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இறங்கவும் செய்தது. தேள் கொட்டியவர்களில் அதிகம் பேருக்கு வலி மட்டும்தான் வரும், அது சில மணி நேரத்தில் தானாகவே குறையும். மந்திரிப்பவருக்குப் பேர் கிடைத்தது அப்படித்தான். அவரை நான் பழிக்கவில்லை. ஆனால் சில பிள்ளைகள் ராத்திரி கொட்டி விடிவதற்குள் மூச்சுத் திணறி, வாயில் ரத்தம் கலந்த நுரை தள்ளி இறந்துபோனார்கள். "விஷம் தலைக்கேறிருச்சு" என்றார்கள் ஊரில். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாலும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. ஏன் சாகிறார்கள் என்று மருத்துவர்களுக்கும் தெளிவாகத் தெரியாது. வலிக்கு ஊசி, அலர்ஜி மருந்து, ஸ்டீராய்டு, அட்ரோபின் என்று கையில் இருந்ததை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள்.

விஷயம் நம் உடம்புக்குள்ளேயே இருந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது அட்ரீனல் சுரப்பி. 1894இல் லண்டனில் ஜார்ஜ் ஆலிவர், எட்வர்ட் ஷேஃபர் இருவரும் அந்தச் சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறியது. 1901இல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே அமெரிக்காவில் அந்தச் சாற்றிலிருந்து அட்ரினலினைப் பிரித்தெடுத்தார். அதன் உடன்பிறப்பான நார்அட்ரினலின் நரம்பு முனைகளில் சுரப்பதை 1946இல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் காட்டினார். 1948இல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், இந்த ஹார்மோன்கள் போய் உட்காரும் பூட்டுகள் ஆல்பா, பீட்டா என இரண்டு வகை என்றார். ஆல்பா பூட்டு திறந்தால் ரத்தக் குழாய் சுருங்கும். பீட்டா திறந்தால் இதயம் வேகமாக அடிக்கும். இந்த ஆல்பாவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தேள் விஷம் நரம்பு முனைகளில் இருக்கிற சோடியம் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். நரம்பு ஓயாமல் துடிக்கும், அட்ரீனல் ஓயாமல் சுரக்கும். திருடனைக் கண்டு ஓடுகிறபோது ஒரு நிமிடத்துக்குச் சுரப்பது மணிக்கணக்காக வெள்ளமாய் வருகிறது. கை கால் குழாய்கள் எல்லாம் இறுகிச் சில்லிடும். இறுகிய குழாய்களை எதிர்த்து இதயம் தள்ளித்தள்ளி ஓய்ந்துபோகும். பின்னுக்குத் தேங்கிய ரத்தத்தின் நீர் நுரையீரலில் கசியும். வாயில் வந்த நுரை அதுதான். ஆக, ஆளைக் கொன்றது தேள் ஏவிவிட்ட நம் சொந்த ஹார்மோன். இஸ்ரேலின் பீர்ஷேபாவில் மோஷே கெரோன் குழுவினர் அந்த ஊர்த் தேள் கொட்டியவர்களிடம் இதற்கான தடயத்தை 1960களிலேயே கண்டார்கள். அந்தச் செய்தி நம் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேரவில்லை.

இனி மகாத். என் மாணவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் மறந்திருக்காது. 1927இல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிய ஊர், மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில். நமக்கு மேற்கே நிற்கிற அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி அடிவாரம் அது. அங்கே பக்கத்தில் பிர்வாடி என்ற சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976இல் ஓர் இளம் டாக்டர் வந்தார். பெயர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். ஜால்னா பக்கத்து ஏழை விவசாயி மகன்.

வந்த இடத்தில் தேள் கொட்டிய பிள்ளைகள் கண்முன்னே இறந்தார்கள். தீவிரமாகப் பாதிக்கப்பட்டு வந்தவர்களில் பத்தில் மூன்று, நான்கு பேர் பிழைக்கவில்லை. ஐசியூ கிடையாது, ஆய்வுக்கூடம் கிடையாது. அவர் செய்தது ஒன்றுதான். கொட்டுப்பட்டவர் படுக்கைப் பக்கத்திலேயே இரவும் பகலும் உட்கார்ந்து நாடி, ரத்த அழுத்தம், வேர்வை, வாந்தி என எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிவைத்தார். 51 பேரின் குறிப்புகளைத் தொகுத்து அனுப்பிய கட்டுரையை 1982 மார்ச்சில் லண்டனின் லான்செட் இதழ் வெளியிட்டது. வாந்தி, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுவது, கை கால் சில்லிடுவது, ஆண்பிள்ளைகளுக்குக் குறி விறைத்து நிற்பது: இவை இதயம் பாதிக்கப்படப் போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு என்று அதில் எழுதினார். நாம் காலங்காலமாகக் கவனித்தது வலியை. வலியால் கத்துகிற பிள்ளை பெரும்பாலும் தப்பித்துவிடும். கத்தாமல் வேர்த்துச் சில்லிட்டு அடங்குகிற பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி என்று நாம் சொல்வோமே, அந்தச் சத்தமில்லாத நிலை.

பிறகு புனேயில் எம்.டி. படிப்பை முடித்தார். பெரிய நகரத்தில் உட்கார்ந்திருக்கலாம். மனைவி டாக்டர் பிரமோதினியோடு மகாத்துக்கே திரும்பி வந்தார். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் இது.

குழாய்கள் இறுகுவதுதான் நோய் என்றால், குழாயைத் தளர்த்துவதுதானே மருந்து? முதலில் நைட்ரோபுருசைடு என்ற மருந்தைச் சொட்டுச்சொட்டாக ஏற்றினார். பலித்தது. ஆனால் அதற்கு நிமிடத்துக்கு நிமிடம் ஆள் பார்க்க வேண்டும், கிராமத்தில் நடக்காத காரியம். அப்போது ரத்தக் கொதிப்புக்குப் புதிதாக வந்திருந்த மாத்திரை பிரசோசின். வாயில் போட்டு விழுங்கலாம், விலையும் குறைவு. அது செய்கிற வேலை ஆல்பா பூட்டை அடைத்துவிடுவது. ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் உட்கார இடமில்லாமல் போகும். 1986இல் பிரசோசின் அனுபவத்தையும் லான்செட்டில் எழுதினார். முன்பு நூற்றுக்கு முப்பது, நாற்பது என்றிருந்த சாவு அவர் கைபார்த்தவர்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. உத்தமபாளையத்துக் குழந்தைக்குக் கொடுத்த 'பிரஷர் மாத்திரை' இதுதான் தாயி. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொஞ்சம் தாமதம்தான்.

எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மும்பையில் ராதாகிருஷ்ண மூர்த்தி என்ற ஆய்வாளர், அட்ரினலின் வெள்ளத்தில் இன்சுலின் அடங்கிப்போவதுதான் மூலக்கோளாறு, ஆகவே இன்சுலின் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். துனிசியாவில் 600 பேரை வைத்து, அதே அட்ரீனல் சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான ஹைட்ரோகார்டிசோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று 1997இல் தெரிந்தது. பாவஸ்கரும் தன் மருந்தோடு நின்றுவிடவில்லை. தேள் விஷமுறிவு மருந்தைப் பிரசோசினோடு சேர்த்தால் என்ன என்று 70 பேரிடம் ஒப்பிட்டு 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். இரண்டும் பெற்ற 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்தில் முழுதும் தெளிந்தார்கள். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்த நேரத்துக்குள் தெளிந்தவர்கள் 8 பேர். 2014இல் புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்களும் குழந்தைகளிடம் இதே ஒப்பீட்டைச் செய்து, இரண்டும் சேர்ந்தால் நல்லது என்றார்கள். தன் கண்டுபிடிப்பையே தானே சோதனைக்கு வைத்தாரே, அதற்காகவும் அந்த மனிதரைக் கும்பிடலாம்.

மதுரையில் ஐசியூ நர்ஸாக இருக்கிற நம் மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "சார், நாங்க தினமும் நார்அட்ரினலினை டிரிப்பில ஏத்துறோமே!" என்றாள். அவள் சொன்னது செப்சிஸ் நோயாளிகளைப் பற்றி. புண்ணிலோ நுரையீரலிலோ சிறுநீரிலோ தொடங்கிய கிருமித் தொற்றுக்கு உடம்பு தாறுமாறாக எதிர்வினை செய்து, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது செப்சிஸ். அங்கே ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழுந்துவிடும். அதனால் தேள் கொட்டியவரைக் கொல்கிற அதே ஹார்மோனை அளந்து ஏற்றி அவரைக் காப்பாற்றுகிறார்கள். ஹைட்ரோகார்டிசோனும் அங்கே உண்டு. பாலசுப்பிரமணியன் வெங்கடேஷ் என்ற மருத்துவர் தலைமையில் 3,800 நோயாளிகளைச் சேர்த்து ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. அந்த ஹார்மோன் கொடுத்தால் ரத்த அழுத்தம் சீக்கிரம் நிமிர்கிறது, ஆனால் 90 நாளில் இறந்தவர் கணக்கில் வித்தியாசமில்லை என்பது முடிவு. தேளுக்கும் செப்சிஸுக்கும் மருந்து தலைகீழ். இரண்டிலும் எதிராளியைவிட நம் உடம்பின் பதிலடிதான் பெரிய ஆபத்து என்பது மட்டும் பொது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் கம்பத்துக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் மதுரைதான். நூறு கிலோமீட்டருக்கு மேல், பஸ் ஏறி, மாறி. தேள் கொட்டிய குழந்தையின் நுரையீரலில் நீர் கோக்க அவ்வளவு நேரம் ஆகாது. இன்று க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, 108 வண்டி வருகிறது. ஆனாலும் கொட்டிய உடனே சுண்ணாம்பைத் தேடுகிற பழக்கம் போகவில்லை. குழந்தையைக் கொட்டினால் வலி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கை கால் சில்லென்று இருக்கிறதா, வேர்க்கிறதா, வாந்தி எடுக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். தாத்தாவின் பிரஷர் மாத்திரையை உடைத்து வீட்டிலேயே கொடுத்துவிடாதீர்கள். பிரஷர் மாத்திரை எல்லாம் பிரசோசின் இல்லை. பிரசோசினே ஆனாலும், எடைக்கு அளந்து, படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

என்னிடம் படித்து இப்போது சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டராகவும் மருந்தாளுநராகவும் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் நிலையத்தில் பிரசோசின் கையிருப்பு இருக்கிறதா, தேள் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று நாளைக்கே ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.