கற்சிலைமடுக் கல்லும் வன்னியின் நினைவும்

போரில் மடிந்தவர்க்குக் கல் நாட்டும் வழக்கம் உலகிற் பலவிடங்களிலும் காணப்படுவதாகும். முதலாம் உலகப் போர் 1918இல் ஓய்ந்தபின் பிரித்தானியாவின் சுரங்கத் தொழிலாளர் சிற்றூர்கள் பலவற்றிலே கற்சிலுவைகள் எழுந்தன. திரும்பி வராத மைந்தரின் பெயர்களை ஊரவர் அவற்றிற் பொறித்தனர். பண்டைத் தமிழரின் நடுகல்லும் இத்தகையதே. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் அதற்கு வகுத்துரைக்கின்றது. சிலுவையாயினும் நடுகல்லாயினும் அதனை நாட்டுவோர் மடிந்தவர்தம் மக்களே. வன்னி நிலத்திலோ இப்பொதுநெறிக்கு மாறானதொரு கல் நின்றது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள ஊர் கற்சிலைமடு. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் அங்கு நாட்டப்பெற்ற கல்லின் ஆங்கில வாசகம் மிகச் சுருக்கமானது. இவ்விடத்தை அடுத்துக் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31ஆம் நாளன்று பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் பொருள்.

இவ்வாசகத்தின் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. யாழ்ப்பாண அரசுக்கும் கண்டி அரசுக்கும் இடைப்பட்ட காட்டு நிலத்தை ஆண்ட வன்னியர்கள், எவ்வரசுக்கும் முழுமையாக அடங்காது வாழ்ந்தனர். ஒல்லாந்தர் அவர்களை அடக்க முற்பட்டனர். 1796இல் ஒல்லாந்தரின் கரையோர ஆட்சி பிரித்தானியர் வசமாயிற்று. 1803இல் கண்டியின்மீது படையெடுத்த பிரித்தானியர், அவ்வாண்டு யூன் மாதத்திற் பேரழிவுக்குள்ளாயினர். அச்சூழலிலேயே பண்டார வன்னியன் கிளர்ந்தெழுந்தான். முல்லைத்தீவுக் கோட்டை அவன் கைப்பட்டது. அந்நிகழ்வை ஆகஸ்ட் 25ஆம் நாளுக்குரியதாக வன்னி மக்கள் போற்றுகின்றனர். இதற்கு மறுமொழியாக யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய இடங்களிலிருந்து பிரித்தானியப் படைகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் டிறிபேர்க்கின் படையே கற்சிலைமடுவில் வன்னியனை எதிர்பாராது தாக்கியது.

கல்லின் வாசகத்தைச் சற்றே கூர்ந்து நோக்குதல் தகும். அதில் வென்றவன் எழுவாயாகவும் தோற்றவன் செயப்படுபொருளாகவும் நிற்கின்றனர். வன்னியன் எதன்பொருட்டுப் போரிட்டான் என்பதற்கு அதிற் சொல்லொன்றும் இல்லை. மடிந்த வீரர் எவரது பெயரும் இல்லை. கொன்றார் என்னாது தோற்கடித்தார் என்று மட்டுமே அது கூறுவதும் கருதத்தக்கது. ஏட்டு வரலாற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. வன்னி பற்றிய அடிப்படை நூல்களுள் ஒன்றான வன்னி மாவட்டங்களின் கையேட்டை 1895இல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரியே. எனவே கல்லும் ஏடும் வென்றவர் தரப்பிலிருந்தே நமக்குக் கிடைத்துள்ளன.

ஆயினும் கல்லை நாட்டியவர் கருதியது ஒன்று. காலம் விளைத்தது பிறிதொன்று. டிறிபேர்க்கின் பெயரை அக்கல்லின் பொருட்டன்றி இன்று நினைப்பவர் அரியர். பண்டார வன்னியனோ நாட்டுப்புற வழக்கிலும், முல்லைமணியின் நாடகத்திலும், கடல் கடந்து மு. கருணாநிதியின் புதினத்திலும் புத்துயிர் பெற்றான். வவுனியா நகரில் அவனுக்குச் சிலை எழுந்தது. பகைவர் நாட்டிய வெற்றிக்கல், தோற்றவனின் நடுகல்லாக மக்கள் உள்ளத்தில் உருமாறிற்று. வென்றவர் தம் பெருமையை நிலைநாட்டத் தோற்றவன் பெயரையும் பொறிக்க வேண்டியிருந்தமையே இம்மாற்றத்துக்கு வழிவகுத்தது எனலாம்.

2009இல் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அடுத்த ஆண்டில் அக்கல் சிதைக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் அரச படையின் வெற்றிச் சின்னங்கள் எழுந்தன. போரில் இறந்த போராளிகளின் துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. முள்ளிவாய்க்காலில் மாண்ட பொதுமக்களை மே 18ஆம் நாளில் நினைவுகூர்வதும் பல ஆண்டுகள் தடைகளுக்கு உள்ளாயிற்று. தம் மைந்தரின் பெயரைக் கல்லிற் பொறிக்கும் உரிமை, சுரங்கச் சிற்றூரின் எளிய மக்களுக்கும் வாய்த்த அவ்வுரிமை, இம்மண்ணில் வழக்குக்குரிய ஒன்றாயிற்று.

கற்சிலைமடு உணர்த்தும் உண்மை இதுவே: கல்லை நாட்டுவது ஆட்சியாளரின் ஆற்றலுக்கு உட்பட்டது, அதன் பொருளை நிலைநாட்டுவதோ அதன் அருகே வாழும் மக்களிடத்தது. அன்று தோற்றவன் பெயரேனும் கல்லில் நின்றது. பெயரே பொறிக்கப்படாத மாந்தரை வருங்காலத்தவர் எவ்வாறு அறிவர் என்பதே வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர் விடை காணவேண்டிய வினாவாகும்.