யாருக்கும் தெரியாத நோன்பு: கிறிஸ்துவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

2025-இல் ரமலான் நோன்பு மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது. மூன்றே நாளில், மார்ச் 5-ஆம் தேதி, கிறிஸ்துவர்களின் தவக்காலமும் தொடங்கியது. மூவாரில் ரமலான் சந்தை எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் உங்கள் பக்கத்து மேசைக் கிறிஸ்துவ நண்பரும் நோன்பிருந்தது தெரியுமா? தெரியாவிட்டால் ஆச்சரியமில்லை.

ஏன் மறைவாக?

நோன்பிருக்கும்போது முகத்தை வாட்டமாக வைக்காதீர்கள், முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து வழக்கம்போல இருங்கள் என்பது மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதன் சாரம். ஊர் பாராட்டிவிட்டால் பலன் அதோடு சரி. ஸ்டோரியில் 'நாள் 12' என்று போடுவதும் அதே கதைதான்.

விதி என்ன?

கத்தோலிக்கருக்குக் கட்டாய நோன்பு இரண்டே நாள்: சாம்பல் புதன், புனித வெள்ளி. ஒருவேளை முழுச் சாப்பாடு. மற்ற இரு வேளை கொஞ்சமாக. பழைய பெயர் 'ஒருசந்தி'. 18 வயது நிறைந்தவர்களுக்கு இது பொருந்தும். 59 வயது நிறைந்ததும் கட்டாயமில்லை. இறைச்சியைத் தவிர்ப்பது 14 வயதிலிருந்தே. மற்ற பல சபைகளில் 'உபவாசம்' அவரவர் முடிவு.

மூவாரில் என்ன சிரமம்?

காலையிலேயே சாத்தே கிடைக்கும் ஊர் இது! 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. 2025 முதல் சனி, ஞாயிறு. அதனால் புனித வெள்ளியன்று பள்ளியும் உண்டு, அரசு அலுவலகமும் உண்டு. கூடவே அந்தக் கேள்வியும்: "பசியாறிட்டியா?"

பொய் சொல்ல வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். "இன்னிக்கு வேணாம்லா, நீ சாப்பிடு" என்றால் போதும். ஆனால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைவாக இருப்பது வேறு, சமைத்து வைத்துக் காத்திருப்பவரை ஏமாற்றுவது வேறு.

எல்லாரும் இருக்கணுமா?

இல்லை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் இருக்கத் தேவையில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. எடை குறைக்க நினைத்தால் அது டயட், நோன்பு இல்லை. சாப்பாட்டோடு ஏற்கெனவே போராடுபவர்கள் தே தாரேக்கையோ போனையோ விடலாம்.

மிச்சமான காசு?

பசித்தவரோடு உணவைப் பகிர்வதே நோன்பு என்கிறது ஏசாயா 58-ஆம் அதிகாரம். நீங்கள் சாப்பிடாத வேளையின் காசு இன்னொருவர் தட்டுக்குப் போகட்டும். அதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.