கார் கண்ணாடியில் உப்புக் கறையா? தேய்க்காதீங்க... கரைச்சு எடுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெண்டு பக்கெட் தண்ணி, கொஞ்சம் ஷாம்பு, ஒரு மணி நேர உழைப்பு... காரைப் பளபளன்னு கழுவி நிறுத்துறீங்க. வெயிலில் காய்ந்த பிறகு வந்து பார்த்தால், கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கறுப்பு கலர் கார் என்றால் கேட்கவே வேண்டாம்! ஈரத்துணியால் துடைத்தால் மறையும். காய்ந்ததும் மறுபடி எட்டிப் பார்க்கும். சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் போர் தண்ணியில் கார் கழுவுபவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி.

'பார்க்கத்தானே நல்லா இல்ல, பரவாயில்ல'ன்னு விட்டுடாதீங்க. இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சம் விண்ட்ஷீல்டு கறையில் பட்டுச் சிதறும். ரோட்டைக் கடக்கிற ஆள் அந்த ஒரு நொடி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

இது அழுக்கு இல்ல, கல்!

போர் தண்ணியில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக்கல். பாத்ரூம் குழாயில் படிகிற அதே சமாச்சாரம்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி (ஐ.எஸ் 10500), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 மி.கி வரை அனுமதி. அந்த 600 மி.கி தண்ணீரில் 15 லிட்டர் பக்கெட் ஒன்றை எடுத்தால், அதில் சுமார் 9 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். கல்லை ஷாம்பு கரைக்காது. லேசான அமிலம் கரைக்கும்.

என்னென்ன வேணும்?

வெள்ளை வினிகர், பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் (பேட்டரி ஆசிட் இல்ல, பார்த்து வாங்குங்க), கார் ஷாம்பு, மூன்று மைக்ரோஃபைபர் துணிகள், கையுறை.

கண்ணாடிக்கு

1. காரை நிழலில் நிறுத்துங்க. பானெட்டைத் தொட்டால் சூடு இருக்கக் கூடாது.

2. முதலில் ஷாம்பு போட்டுத் தூசியைக் கழுவுங்க. தூசியோடு தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

3. வினிகர், பேட்டரி வாட்டர் இரண்டையும் சம அளவு கலந்து, துணியை நனைத்துக் கறை மேல் ஒத்தி எடுங்க. இரண்டு மூன்று நிமிடம் ஊறட்டும். காய விடாதீங்க.

4. மெதுவாகத் துடைத்து, நிறைய தண்ணீர் விட்டு அலசுங்க. ரப்பர் ஓரங்களில் வினிகர் தங்கக் கூடாது. உடனே உலர்ந்த துணியால் துடைச்சிடுங்க.

பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். அப்பவும் போகலைன்னா, சீரியம் ஆக்ஸைடு கலந்த கண்ணாடி பாலிஷ்தான் வழி.

பெயின்ட்டுக்கு

இங்கே கூடுதல் கவனம் வேணும். பெயின்ட்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட், பெரும்பாலும் ஒரு தலைமுடி தடிமனைவிடக் குறைவு. ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு பேட்டரி வாட்டர் கலந்து, முதலில் கதவின் அடிப்பகுதியில் சின்ன இடத்தில் சோதிச்சுப் பாருங்க. ஒரு நிமிடம் போதும். அலசித் துடைத்த பிறகு வாக்ஸ் போடுங்க. பழைய வாக்ஸை வினிகர் எடுத்திருக்கலாம்.

வினிகர் போட்டும் வட்ட வட்டமாகத் தடம் தெரியுதா? தடவினால் சொரசொரப்பே இல்லையா? அப்படியென்றால் உப்பு போய்விட்டது. அது கிளியர் கோட்டை அரித்த பள்ளம்தான் பாக்கி. அதை பாலிஷ் மெஷினால்தான் சரிசெய்ய முடியும். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால், பெயின்ட் தடிமனை அளந்து பார்த்துச் செய்யும் கடைக்குப் போங்க. மேட் ஃபினிஷ் கார் என்றால் பாலிஷே கூடாது.

இதெல்லாம் வேண்டாமே!

* பாத்ரூம் கிளீனர்: பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும். குரோம், பெயின்ட் எல்லாமே பாழாகும்.

* வினிகரோடு பிளீச்சிங் பவுடர்: விஷமான குளோரின் வாயு வரும்.

* வினிகரோடு சமையல் சோடா: நுரை வரும், அவ்வளவுதான். ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும்.

* ஸ்டீல் ஸ்க்ரப்பர்: கறையோடு கண்ணாடியும் கீறும்.

வராமல் தடுக்க...

'ஆர்.ஓ வேஸ்ட் தண்ணியை ஏன் வீணாக்கணும்'னு அதில் கார் கழுவுபவர்கள் பலர். நல்ல எண்ணம்தான். ஆனா, மெஷின் பிரித்து வெளியே தள்ளுகிற உப்பெல்லாம் அதில்தான் இருக்கு. போர் தண்ணியைவிட அதில் உப்பு அதிகம். அந்தத் தண்ணியில் வாசலைக் கழுவுங்க, காரை வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணியைப் பக்கெட்டில் பிடிச்சு வைங்க. காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் இந்த உப்புகள் கிட்டத்தட்ட இருக்காது. கடைசி அலசலுக்கு அது அருமை.

எந்தத் தண்ணியில் கழுவினாலும், காய்வதற்குள் துடைத்துவிட்டால் கறைக்கு வேலையே இல்லை. உங்க அபார்ட்மென்ட்டில் காலையில் கார் துடைக்க ஓர் அண்ணன் வருகிறாரா? நாளைக்கே அவர் கையில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி ஒன்றையும் கொடுத்து, விஷயத்தைச் சொல்லிடுங்க.